அழகம்மாள் ஏறிய மலை



எதிர்பாராத வேளையில் வாழ்க்கை திசைமாறும்போது மனிதனுக்குத் தெய்வ நம்பிக்கையும் ஆச்சரிய உணர்வும் எவ்வாறு வாய்க்கின்றன என்பது குறித்து இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இவ்விஷயத்தை விருதுநகர் மாவட்டத்தில் நின்று பேசப் புகும் எவருக்கும் முதலில் நினைவில் எழும் பெயர் ஒன்று உண்டு. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரைத் தலமாகிய திருச்சுழியில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்திரா தரிசனத்து நள்ளிரவு கடந்த வேளையில் பிறந்து, வேங்கடராமன் என்னும் பெயரோடு வளர்ந்து, பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் கைகூப்பி நின்ற மகானின் பெயர் அது. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவரைப் பெற்ற அழகம்மாளைப் பற்றி. மகனுக்கு நேர்ந்த மாறுதல் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் முடிந்துபோன காரியம். தாய்க்கு நேர்ந்ததோ முப்பது ஆண்டுகள் நீண்டது. நம்மில் அநேகருக்கு விதிக்கப்பட்டது அந்த நீண்ட வழியேயாதலால், அவ்வழியே நடந்தவரைப் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் நமக்குப் பிரயோசனப்படும் என்று கருதுகிறேன்.

திருச்சுழியில் சுந்தரமையர் வக்கீல் தொழில் நடத்தினார். பெரிய படிப்பினால் வந்த பதவி அன்று அது. சொந்த முயற்சியினால் அடைந்தது. ஊருக்குப் புதியவராய் வந்திறங்கும் எவருக்கும் அவர் வீட்டில் இலை போடப்பட்டது என்று மகரிஷியின் சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். இலை போட்டவர் அவருடைய மனைவி என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாகசுவாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என மூன்று ஆண்மக்களும், அலமேலு என்னும் கடைக்குட்டிப் பெண்ணுமாக நிறைந்திருந்த அவ்வீடு, 1892-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுந்தரமையர் காலமானபோது ஒரே நாளில் கலைந்தது. மூத்தவர் இருவரும் மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்குப் படிக்கச் சென்றனர்; இளையவர் இருவரையும் அழைத்துக்கொண்டு அழகம்மாள் மானாமதுரைக்குப் போய், மற்றொரு மைத்துனராகிய வக்கீல் நெல்லையப்பையரின் ஆதரவில் வாழத் தொடங்கினார். விருந்தினருக்கு அன்னமிட்ட கை பிறர் வீட்டு அடுப்படியில் வேலை செய்யும் கையாயிற்று. இம்மாவட்டத்துக் கிராமங்களில் இன்றைக்கும் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு நேருகின்ற முதல் மாறுதல் இதுவே. துக்கம் நெஞ்சில் அமர்வதற்கு முன்பே, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருப்பது என்னும் கேள்வி வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

மகன் கதையை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் விரைந்து கடக்கிறேன். 1896-ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில், உடம்பில் நோய் ஏதும் இல்லாதிருக்கையிலேயே, மரண பயம் அப்பதினாறு வயதுப் பிள்ளையை வந்து பற்றியது. அவன் வைத்தியரையோ பெரியவர்களையோ தேடி ஓடவில்லை. மாடி அறையில் தனியே கையையும் காலையும் நீட்டிப் பிணம்போல் படுத்து, மரிப்பது எது, மரியாமல் மிஞ்சுவது எது என்று உள்ளுக்குள்ளேயே பார்த்தான். பார்த்ததும் பயம் அகன்றது, திரும்ப வரவில்லை. ஆறு வாரங்கள் கழித்து, ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையன் கல்லூரிச் சம்பளத்துக்காகச் சிற்றன்னை கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயைத் துண்டுச்சீட்டு ஒன்றோடு வைத்துவிட்டு ரயிலேறினான். இடையில் பணம் போதாமல் காதுக் கடுக்கனையும் அடகு வைத்து, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தான். தேட வேண்டாம், இதற்காகப் பணம் செலவிட வேண்டாம், விசாரப்படவும் வேண்டாம் என்பதே அச்சீட்டின் சாரம்.

விசாரப்பட வேண்டாம் என்று எழுதுவது எளிது. மானாமதுரையில் அச்செய்தி வந்து விழுந்த வீட்டில் அது எவ்வாறு கேட்கப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் துறவு பூணுவர் என்றொரு நம்பிக்கை வழிவழியாக இருந்து வந்தது. சுந்தரமையரின் தமையனாரும் அதற்கு முந்தின தலைமுறையில் ஒருவரும் அவ்வாறே சென்றவர்கள். எனவே, நடக்கக்கூடியது இன்னது என்று அழகம்மாள் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்றே சொல்லலாம். அறிந்திருந்தும் என்ன? தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் விஷயத்தில் எந்தத் தாய்க்கும் அது எதிர்பாராததாகவே வந்து சேரும். இம்மாவட்டத்தில் பட்டாசுத் தொழிலுக்குக் கணவனை அனுப்புகிற பெண்ணும் அபாயத்தை அறிந்தே அனுப்புகிறாள். எனினும் செய்தி வருகிற நாள் அவளுக்கு வேறு எந்த நாளையும் போலன்றித்தான் விடிகிறது.

இரண்டு ஆண்டுகள் பிள்ளை இருக்குமிடம் தெரியவில்லை. 1898-இல் சுப்பையர் காலமானதன் தொடர்பாகக் குடும்பத்தார் மதுரையில் கூடியிருந்தபோதுதான், திருவண்ணாமலையில் மௌனமாய் அமர்ந்திருக்கும் இளந்துறவி திருச்சுழிப் பிள்ளை என்னும் செய்தி வந்தது. முதலில் நெல்லையப்பையர் போய்ப் பார்த்துத் தனியாய்த் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில், உத்தியோகத்திலிருந்த மூத்தமகன் நாகசுவாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாயே புறப்பட்டார். பவழக்குன்றில், ஒரு பாறைமேல், சடைபற்றிய தலையும் வளர்ந்த நகமும் அழுக்கேறிய மேனியுமாகக் கிடந்த உருவத்தைக் கண்டவுடன் இன்னாரென்று அறிந்துகொண்டார். நாள்தோறும் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு குன்றேறினார். வீட்டுக்கு வா என்று கெஞ்சினார், கடிந்துகொண்டார், அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அங்கிருந்தவர்கள் மனம் பொறாமல், வாயால் சொல்லாவிட்டாலும் எழுதியேனும் காட்டலாகாதா என்று காகிதமும் பென்சிலும் நீட்டினர். அவரவர் பிராரப்தப்படியே யாவும் நடைபெறும். நடவாதது எம்முயற்சியாலும் நடவாது, நடப்பது எத்தடையாலும் நில்லாது. ஆகையால் மௌனமே நன்று என்னும் கருத்துப்பட அவர் எழுதிக் கொடுத்தார்.

பெரியோர்களே, இந்த இடத்தில் நான் நெடுநேரம் நிற்க விரும்புகிறேன். அச்சீட்டில் எழுதப்பட்டது தத்துவம். அதில் பிழை காணும் தகுதி எனக்கில்லை. ஆனால் நமது ஊர்களில் துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு நாம் சொல்லுகின்ற ஆறுதல்கள் பெரும்பாலும் இச்சீட்டின் மறுபிரதிகளே என்பதையும், அவை கேட்பவர் நெஞ்சில் பதிவதில்லை என்பதையும் நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அழகம்மாளுக்கும் அன்று அது பதிந்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கை பிறந்து அவர் மலையிறங்கவில்லை. பிள்ளையைப் பெறாமல் வெறுங்கையோடு மானாமதுரை திரும்பினார். இரண்டொரு ஆண்டுக்குள் நாகசுவாமியும் இறந்தார். கணவன், துறவியான மகன், துணைக்கு நின்ற மூத்த மகன் என ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை இழப்புக்குப் பிறகும் அந்த அம்மையார் தெய்வத்தின்பால் சினந்தாரா, முகம் திருப்பிக்கொண்டாரா என்று நமக்குத் தெரியாது. அவர் மறுபடியும் மறுபடியும் புறப்பட்டார் என்பது மட்டும் தெரியும். காசிக்குப் போனார், வழியில் மகனைப் பார்த்தார். 1914-இல் திருப்பதி வேங்கடரமணரைத் தரிசித்துத் திரும்புகையில், திருவண்ணாமலையாகிய அருணாசலத்தில் கடுஞ்சுரத்தில் படுத்தார். அப்போது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் வாய்திறவாத அதே மகன், இரவும் பகலும் அருகில் இருந்து பணிவிடை செய்து, தாயின் சுரத்தைத் தணிக்குமாறு அருணாசலனை வேண்டிப் பாடல்கள் இயற்றினார். நடப்பது எத்தடையாலும் நில்லாது என்று எழுதியவரே, தாய்க்காக வேண்டிக்கொண்டார்! இதனை முரண்பாடு என்று தர்க்கிப்போர் இருக்கலாம். எனக்கோ அவ்விருவருடைய கதையிலும் இதைக்காட்டிலும் நெஞ்சை உருக்குவது வேறொன்றும் இல்லை.

1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அழகம்மாள் நிரந்தரமாகவே மலைக்கு வந்துவிட்டார். அப்போது மகரிஷி வாழ்ந்த விரூபாட்ச குகையில் உடனிருந்தவர்கள் அஞ்சினர். தாய் தங்கினால் சுவாமி எங்கேனும் போய்விடுவாரோ என்று தடுத்தனர். மகரிஷி எழுந்து தாயின் கையைப் பற்றிக்கொண்டு, இங்கே இடமில்லையென்றால் வேறெங்கேனும் போவோம் என்று புறப்படவே, எல்லோரும் அடிபணிந்து இருக்கச் சொன்னார்கள். அவ்வாண்டிலேயே சற்று மேலே, கந்தசாமி என்னும் அன்பர் உடல் வருந்திக் கட்டிய கந்தாசிரமத்துக்கு யாவரும் குடியேறினர். அதுவரை அடியார்கள் கொண்டுவந்ததை உண்டு வந்த அவர்களிடையே முதன்முதலாக அடுப்பு மூட்டியவர் அழகம்மாளே. பின்னாளில் ரமணாசிரமத்தின் பெரிய சமையற்கட்டாக விரிந்தது அந்த அடுப்புத்தான்.

அம்மையாரின் அடுப்படியில் நடந்தது என்ன என்பதில்தான் நமது விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஒரு நாள் அம்மையார் அப்பளம் இடப் புகுந்து, மகனையும் உதவிக்கு அழைத்தார். உளுந்து மாவு, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் என எல்லாம் ஆயத்தமாக இருந்தன. மகன் அப்பளம் இடவில்லை. அவ்வேலையையே ஞானசாதனையாக உருவகித்து ஒரு பாட்டு இயற்றிக் கொடுத்தார். அப்பளப் பாட்டு என்று இன்றும் பெண்கள் பாடுகிறார்களே, அதுதான் அது. பவழக்குன்றில் கொடுத்த சீட்டையும் இப்பாட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பொருளில் இரண்டும் வெகுதூரம் விலகியவை அல்ல. ஆனால் முன்னது பாறைமேல் நின்று சொன்னது. பின்னது உளுந்து மாவு ஒட்டிய கைக்கு அருகில் இருந்து, அக்கைக்குத் தெரிந்த சொற்களிலேயே சொன்னது. உபதேசம் தாயை வந்தடைய இடையில் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

ஆசார நியமங்களில் ஊறியவரான அம்மையாரை மகன் வெங்காயத்தைக் காட்டிப் பரிகசித்ததும், மற்றப் பெண்களோடு பேசிவிட்டுத் தம்மோடு பேசாததற்கு அவர் மனம் நொந்தபோது, பெண்கள் எல்லோருமே எனக்குத் தாயர் என்று மகன் சொன்னதும் சரித்திரத்தில் உள்ளவை. இத்தகைய சிறு சிறு நோவுகளினூடேதான், என் பிள்ளை என்னும் பிடி அவரிடத்தில் தளர்ந்தது. ஒரு நாள் மகன்முன் அமர்ந்திருக்கையில், மகன் மறைந்து அவ்விடத்தில் சோதிமயமான லிங்கம் ஒன்று நிற்கக் கண்டார் என எழுதியிருக்கிறார்கள். கண்டவர் மெய்சிலிர்த்துத் தோத்திரம் செய்தார் என்றா எண்ணுகிறீர்கள்? பிள்ளை உடலை உகுத்துவிட்டான் என்று அஞ்சி அழுதார். இச்செய்தியை மறைக்காமல் எழுதிவைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆச்சரியம் மனிதனை வந்தடையும்போது ஆனந்தமாகவே வந்தடையும் என்பது நூல் படித்தோர் கற்பனை. பெற்றவளுக்கு அது முதலில் பயமாகவே வந்தது. அந்தப் பயத்தோடு எழுந்து போய்விடாமல் அங்கேயே அமர்ந்திருந்தார். அதைத்தான் நம்பிக்கை என்று நான் சொல்லத் துணிகிறேன்.

இதுபோன்றதோர் அறக்கட்டளையின் சார்பில், 1901, 1902-ஆம் ஆண்டுகளில் எடின்பரோ சர்வகலாசாலையில் அமெரிக்கப் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ் சமய அநுபவத்தின் பல வகைகளைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகள் உலகப் புகழ் பெற்றவை. மனமாற்றம் திடீரென வருவதும் உண்டு, படிப்படியாக விளைவதும் உண்டு என்று அவர் வகுத்துக் காட்டினார். ஆயினும் அவருடைய ஆராய்ச்சிக் கண் திடீர் மாற்றத்திலேயே மிகுதியும் லயித்தது. கவர்ச்சி அதற்கு அதிகம். அதனால்தானோ என்னவோ, மதுரை மாடி அறையைப் பார்க்கப் போகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட, அந்நாளில் மானாமதுரையில் தாய் இருந்த வீடு எது என்று கேட்பதில்லை.

இம்மாவட்டத்திலேயே இவ்வகையில் எண்ணத்தக்கவர் வேறு சிலர் உண்டு. திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில், துளசிச் செடியருகே, எதிர்பாராமல் ஒரு பெண்குழந்தையைக் கண்டெடுத்த பெரியாழ்வார், வளர்த்து ஆளாக்கிய அம்மகளைத் திருவரங்கத்துப் பெருமானிடத்தில் கொடுத்துவிட்டுத் தனியே திரும்பினார் என்கிறது ஐதிகம். வந்ததும் எதிர்பாராதது, போனதும் எதிர்பாராதது. விருதுநகரில், மகன் ஆறு வயதுச் சிறுவனாக இருக்கையிலேயே கணவனை இழந்த சிவகாமியம்மாள், அம்மகன் காமராசர் 1954 முதல் 1963 வரை மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்த காலத்திலும் தம் பழைய வீட்டிலேயே வாழ்ந்தார். நாட்டுக்கென்று மகனைக் கொடுத்தவர்களின் நெஞ்சை ஆராய்வதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டும். இன்றைக்கு அது இயலாது; இன்று நான் அடுத்துப் பேச வேண்டியது பட்டாசு விபத்தில் உறவை இழந்த பெண்களைப் பற்றி.

வானம் பொய்க்கின்ற இக்கரிசல் பூமியில், விவசாயத்தை நம்பி ஜீவிக்க இயலாத நிலையில்தான், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மறு ஆண்டு இங்கே தொடங்கினர். அதன் கிளையாகப் பட்டாசுத் தொழில் தழைத்தது. மழை தராத வானம் பட்டாசைக் காயவைக்க உதவிற்று. பஞ்சத்தைப் பிழைப்பாக மாற்றிக்கொண்ட அத்தீரத்தை நான் மனமார வணங்குகிறேன். ஆனால் அத்தீரத்துக்கு வேறு சிலர் கொடுத்து வருகிற விலை உண்டு. பயர் ஆபீசு என வழங்கும் பட்டாசு ஆலைக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் தூக்குவாளியோடு வண்டியேறுகிற கிராமத்துப் பெண்களில், சரம் பின்னுகிறவரும் திரி வைக்கிறவரும் மருந்து செலுத்துகிறவரும் உளர். மணிமருந்தில் ஏற்படுகிற சிறு உராய்வே போதும், ஓர் அறை தரைமட்டமாகும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நேர்ந்த பெருவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் வெடியோசை கேட்டு உதவிக்கு ஓடினவர்களும் அவர்களில் இருந்தனர்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அறைக்கு இத்தனை பேர் என்னும் வரம்பை மீறி ஆட்களை நிரப்புவதும், உரிமம் பெற்றவர் ஒருவராயிருக்க உள்குத்தகைக்கு எடுத்தவர் வேறொருவராயிருந்து அவசரப்படுத்துவதும், மரத்தடியில் வைத்து மருந்து வேலை செய்விப்பதும் மனிதர் செய்கிற குற்றங்கள். அவற்றால் நேர்ந்த சாவைப் பிராரப்தம் என்று சொல்லி, பறிகொடுத்தவள் கையில் ஒரு தத்துவச் சீட்டைத் திணிக்கின்ற உரிமை நமக்குக் கிடையாது. தன் வீட்டையும் தமையன் பணத்தில் மிச்சத்தையும் விட்டுப் போன பிள்ளை, பாறைமேல் கிடந்த நிலையிலும் பிறர்க்குத் தீங்கு செய்தவன் அல்லன். அவன் எழுதினான் என்பதற்காக, தீங்கு செய்தவர்கள் அதை எடுத்து ஓதலாகாது. இழப்பீடு கைக்கு வந்து சேருவதும், குற்றத்துக்கு உரியவர் மன்றத்தின்முன் நிற்பதும், பிள்ளைகள் படிப்பு நில்லாமல் நடப்பதும் நடந்தேற வேண்டும். தெய்வத்தைப் பற்றிப் பேச அதன் பிறகே வாய் திறக்கலாம்.

ஆனால் அப்பெண்கள் நம்முடைய பேச்சுக்காகக் காத்திருப்பதில்லை. பங்குனிப் பொங்கலில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் சந்நிதிக்கு வந்து பாருங்கள். மஞ்சள் தோய்த்த சேலையும் இடுப்பில் செருகிய வேப்பிலையுமாக, மண்சட்டியில் கனன்று எரிகின்ற நெருப்பை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, வெயில் கொதிக்கின்ற தெருவில் பெண்கள் வரிசையாக வருவார்கள். வேப்பிலைக் கொத்தைச் சட்டிக்கு அடியில் கொடுத்துப் பிடித்திருப்பார்கள். வழியில் ஒருவர் விறகுத்துண்டு இட்டுத் தீயை வளர்ப்பார், ஒருவர் பாதத்தில் மஞ்சள்நீர் ஊற்றுவார். இந்தத் தொழிற்பிராந்தியத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களில், நெருப்புக்குக் கணவனையோ பிள்ளையையோ கொடுத்த வீட்டுப் பெண்ணும் இருப்பாள். எது தன் குடியைக் கெடுத்ததோ அதையே அம்மனின் பெயரால் கையில் ஏந்தி அவள் நடக்கிறாள். அறியாமை என்று இதனைப் புறந்தள்ளுகிறவர் கந்தாசிரமத்தில் லிங்கத்தைக் கண்டு அழுத தாயையும் அறியாதவள் என்றே சொல்ல வேண்டிவரும். அஞ்சியவளாகவே, அழுகிறவளாகவே, ஒருத்தி தெய்வத்தின் எதிரில் போய் நிற்கக்கூடும் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டியதில்லை.

1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், காலை முதல் இரவு எட்டு மணியளவும், வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி மகரிஷி அமர்ந்திருக்க, அழகம்மாள் உயிர் அடங்கியது. முக்தி பெற்றவர்க்குரிய முறையில் அவ்வுடல் தகனம் செய்யப்படாமல் மலையடிவாரத்தில் சமாதியில் வைக்கப்பட்டது. சில மாதங்களில் மகனும் மலையிலிருந்து இறங்கி அச்சமாதியின் அருகிலேயே தங்கிவிட்டார். உலகத்தார் தேடிவருகிற ரமணாசிரமம் அவ்வாறுதான் உண்டாயிற்று. தாயின் சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் கும்பாபிஷேகம் நடந்தபோது மகரிஷி உடனிருந்தார்; அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரும் மறைந்தார்.

அழகம்மாளின் முப்பது ஆண்டுகளில் நமக்குக் கிடைப்பவை இத்தனை சிறு குறிப்புகளே, அவையும் அவர் மகன் மகானாக விளங்கியமையால் பிறர் குறித்துவைத்தவை. மகன் மகானாகாத தாய்மாருக்கு அதுவும் இல்லை. ஆகவே இவ்வறக்கட்டளையாரிடத்தில் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு விபத்தில் உறவை இழந்த பெண்கள் அநேகர் இருக்கிறார்கள். எந்த நாளில் அழுகை நின்றது, எந்த நாளில் மறுபடியும் விளக்கேற்றினார்கள், யார் வந்து என்ன சொன்னது உதவிற்று, யார் சொன்னது உதவவில்லை, தெய்வத்தின்மேல் கோபம் எவ்வளவு காலம் இருந்தது என்பனவற்றையெல்லாம் அவர்களே சொல்லக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே, அவர்கள் சம்மதத்தோடு, பெயரை வெளியிடாமல் எழுதிவைக்க வேண்டும். இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவியரில் பலர் அந்த ஊர்களிலிருந்தே வருகிறவர்கள். அத்தை என்றும் சித்தி என்றும் அழைத்து அவ்வீடுகளுக்குள் போகக்கூடியவர்கள். தமிழ்த்துறை இவ்வேலையை இவ்வாண்டே ஏற்குமானால், எனக்கென்று குறித்த சன்மானத்தை அதன் முதற்செலவுக்கே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு இம்மேடையில் நிற்கப்போகிறவர் அந்தக் குறிப்பேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.